கொல்லிப்பாவைக்கு எவர் முகம்?

காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணிவிடுவது என்று புறப்பட்ட நாம், நாற்பதுக்குப் பின் கணக்கைத் தவறவிட்டோம். உடன் வந்தவன் நம் தமக்கையின் மகன். புகைப்படக் கலையை முறையாகப் பயின்றவன். திருமணப் படங்கள் எடுத்துப் பிழைப்பவன். பிழைப்புக்கு அப்பால் ஏதேனும் செய்ய வேண்டும் என்ற தவிப்பு உடையவன். அவன் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் பன்னிரண்டு காட்சிகளைப் பென்சிலால் வரைந்திருந்தான். பனி மூடிய பாறைமேல் ஒரு பெண் நிற்கிறாள், அவள் சிரிக்கிறாள், வீரன் ஒருவன் மயங்கி நெருங்குகிறான், அடுத்த படத்தில் அவன் வில் மட்டும் தரையில் கிடக்கிறது. கொல்லிப்பாவையின் கதையை நடிகர்களையும் உடைகளையும் கொண்டு நிறுத்தி, பன்னிரண்டு புகைப்படங்களாகச் சொல்லிவிடுவது அவன் திட்டம். "மாமா, இலக்கியத்திலே பிழை வந்துவிடாமல் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று நம்மை அழைத்து வந்தான். வந்த இடத்தில் நாம் பார்க்க நேர்ந்த பிழை இலக்கியத்தைச் சேர்ந்ததாக இல்லை.

கற்பனையில் தோன்றிய காட்சியை ஆள் நிறுத்தி, உடை உடுத்தி, ஒளி அமைத்துப் படமெடுக்கும் முறையைப் புனைவுப் புகைப்படம் என்று இங்கே வழங்குவோம். நம் இல்லங்களுக்கு இது புதுமை அன்று. அதைப் பின்னர் சொல்கிறோம். முதலில் பாவையைப் பற்றி.

சங்க நூல்களில் கொல்லிமலை வரும் இடங்கள் பல. அம்மலையை ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்பினால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்தான் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். அந்த ஓரிக்கு இன்று செம்மேட்டில் சிலை உண்டு. ஆடிப் பதினெட்டை ஒட்டி அரசு விழாவும் எடுக்கிறது. பாவையின் செய்தி வேறு. குறுந்தொகையில் பரணர், மலையின் மேற்குப் பக்கத்தில் தெய்வம் எழுதிய பாவை என்கிறார். நற்றிணைப் பாடல் ஒன்று பூதம் அமைத்த பாவை என்கிறது. மற்றொன்று, காற்று மோதினும் மழை பொழியினும் இடி விழினும் நிலமே நடுங்கினும் அதன் உருக் கெடாது என்கிறது. சிரித்து மயக்கி ஆளைக் கொல்லும் பாவை என்ற கதை பிற்காலத்தில் விரிந்தது. மலைமக்கள் இன்று எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டி, இவளே அந்தப் பாவை என்பர்.

இத்தனை புலவர்களில் எவரும் அப்பாவையின் முகத்தை வரைந்து காட்டவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். தலைவியின் அழகுக்கு உவமையாகப் பாவையை நிறுத்துகிறார்கள். பாவைக்கு உவமையாக எதையும் சொல்லிக் கொண்டிருப்பதில்லை. கேட்பவன் தன் உள்ளத்தில் ஒரு முகத்தை எழுதிக்கொள்கிறான். பத்துப் பேர் கேட்டால் பத்து முகம். சொல்லின் வசதி அது. படக்கருவிக்கு அந்த வசதி இல்லை. அதற்கு ஒரு முகம் வேண்டும்; அதுவும் உயிரோடு எங்கோ வாழும் ஒரு பெண்ணின் முகம் வேண்டும். மருமகனின் சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூரில், வாசலில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு தாயைக் கண்டோம். பள்ளியிலிருந்து திரும்பிய மகள் பத்தாம் வகுப்புப் படிப்பவள். அந்தப் பெண்ணின் கூர்மையான பார்வை மருமகனைப் பிடித்துக்கொண்டது. நோட்டில் தான் வரைந்து வைத்திருந்த முகம் இதுவே என்று நம் காதில் சொன்னான். தாயிடம் விவரம் கூறி, கொண்டுவந்த பொருள்களை எடுத்து விரித்தான். பாசிமணி மாலைகள், மயிலிறகு செருகிய தலையணி, காகிதக் கூழில் செய்து பொன்வண்ணம் பூசிய முடி. அந்த அம்மாள் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"எங்க சனத்துல யாரும் எறகு வச்சுக்கிட்டது கெடையாதே தம்பி. எங்க பாட்டன் பூட்டனெல்லாம் காஞ்சிபுரத்துலேருந்து வந்த வெள்ளாமைக்காரங்க. அந்த அம்மா சிரிச்சு ஆளைக் கொல்றவங்கன்னு சொல்லுவாங்க. எம் மகளை எதுக்கு அப்படிக் காட்டணும்?"

இது கதைதான், படத்தின் கீழே கதை என்று எழுதிவிடுவோம் என்றான் அவன்.

"எழுதுங்க. எழுதினாலும் மூஞ்சி எம் பொண்ணு மூஞ்சிதானே?"

இந்த ஒரு வினாவுக்கு மருமகனிடமும் விடை இல்லை, அவனுக்குத் துணையாகச் சென்ற நம்மிடமும் இல்லை. தேநீர் அருந்திவிட்டுத் திரும்பினோம். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதியை அந்த அம்மாளுக்குச் சொல்ல வேண்டியிருந்த விடையைத் தேடியதாகவே கொள்ளலாம்.

கற்பனைக் காட்சியைச் சொல்லில் நிறுத்துவதில் நம் புலவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை. உமறுப்புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் அரபு நாட்டைப் பாடும்போது, மழையும் ஆறும் வயலும் உழவரும் நிறைந்த தமிழ் மருதத்தையே அங்கு விரித்துவிடுகிறார். மக்கா நகரத்துப் பாலையில் நெல் விளையாது என்பது அவருக்குத் தெரியாதது அன்று. கேட்ட நம் முன்னோருக்கும் தெரியும். எவரும் அதைப் பொய் என்று சொன்னதில்லை. காப்பியத்தின் மரபு அது என்று ஏற்றுக்கொண்டு, அதனுள் இருந்த அன்பை எடுத்துக்கொண்டார்கள். அதே காட்சியை ஒரு புகைப்படம் காட்டினால் என்ன ஆகும்? எந்த ஊர், எந்த ஆண்டு, எடுத்தவர் யார் என்று உடனே கேட்போம். கவிதையைக் கேட்பவன் கற்பனையை எதிர்பார்த்து உட்காருகிறான். புகைப்படத்தைப் பார்ப்பவன் சாட்சியை எதிர்பார்த்து நிற்கிறான். எதிரே ஒன்று இருந்தாலொழியப் படம் விழாது என்ற நம்பிக்கைதான் அதற்குக் காரணம். எதிரே எவரும் இல்லாமலே எந்திரம் முகங்களைத் தயாரித்துத் தள்ளும் இந்நாளிலும் அந்த நம்பிக்கை முழுவதும் போய்விடவில்லை.

புகைப்படம் தோன்றி இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே இந்தப் பூசல் மேல்நாட்டில் எழுந்துவிட்டது. ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவர் 1857ஆம் ஆண்டில் முப்பதுக்கும் மேற்பட்ட எதிர்மறைத் தகடுகளை இணைத்து, நல்வழி, தீவழி என்னும் இரு வாழ்க்கைப் பாதைகளை ஒரே படமாக்கினார். மறு ஆண்டு ஹென்றி பீச் ராபின்சன், நோயுற்று மரணத்தை நெருங்கும் ஓர் இளம்பெண்ணையும் சுற்றி நிற்கும் குடும்பத்தையும் ஐந்து தகடுகளில் அமைத்தார். அந்தப் பெண் நலமாக இருந்த ஒரு சிறுமி; நடித்தாள், அவ்வளவே. இருந்தும் பார்த்தவர்களில் பலர் முகம் சுளித்தனர். ஓவியத்தில் ஆயிரம் மரணப் படுக்கைகளைக் கண்டு ரசித்தவர்கள், புகைப்படத்தில் ஒன்றைக் கண்டபோது பிறர் வீட்டுத் துயரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டதாக உணர்ந்தார்கள். நடிப்பு என்று தெரிந்த பின்னும் அந்த உணர்வு முற்றும் விலகவில்லை. மிளகு காயவைத்த அம்மாள் கேட்டதும் இதைத்தான் அல்லவா?

ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை நாம் அவ்வளவு எளிதில் கடந்துவிட முடியாது. 1815இல் கல்கத்தாவில் பிறந்து, நாற்பத்தெட்டாம் வயதில் கிடைத்த படக்கருவியைக் கொண்டு, டென்னிசனின் ஆர்தர் மன்னன் கதைகளுக்கு 1874, 1875ஆம் ஆண்டுகளில் படங்கள் அமைத்தவர் அவர். வீட்டாரும் பணிப்பெண்களும் வந்த விருந்தாளிகளும் அவர் கையில் அரசிகளும் வீரர்களும் ஆனார்கள். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். இலங்கையில் அவர் எடுத்தவற்றுள் நமக்குக் கிடைப்பவை மிகச் சிலவே. அவற்றில் தோட்டங்களில் உழைத்தவர்கள் நிற்கிறார்கள். அவர்களில் தமிழர்களும் உண்டு. இங்கிலாந்துப் படங்களில் இன்னார் இன்ன பாத்திரம் என்று பெயரிட்ட அம்மையார், இவர்களுக்குக் கதையும் தரவில்லை. பெயரும் எழுதி வைக்கவில்லை. 1877இல் அவரைக் காண வந்த ஓவியர் மரியான் நார்த், தம்மைக் காஷ்மீரச் சால்வைகளால் போர்த்தி, கூந்தலை அவிழ்த்துவிட்டு, தென்னங்கீற்றின் முனைகள் தலையில் குத்த, உச்சி வெயிலில் நிறுத்தி, இயல்பாக இருக்குமாறு அம்மையார் கட்டளையிட்டதை வேடிக்கையாக எழுதி வைத்திருக்கிறார். நார்த் அம்மையாருக்குக் கையில் பேனா இருந்தது, பட்ட பாட்டை எழுதிவிட்டார். அருகில் நின்ற தமிழ்க் கூலிப்பெண் என்ன நினைத்தாள் என்பதற்குத்தான் எழுத்து இல்லை.

இனி, 'உண்மை'ப் படங்கள் என்று பெயர் பெற்றவற்றைப் பார்ப்போம். புனைவுப் படங்களைக் குறைகூறுவோர் பலர், ஆய்வுக்காக எடுத்தவை மட்டும் கலப்பற்ற சாட்சியங்கள் என்று நம்புகிறார்கள். லாம்ப்ரே என்பவர் 1869இல் ஒரு முறையை வெளியிட்டார். மரச்சட்டத்தில் பட்டு நூலைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, இரண்டு அங்குலச் சதுரங்கள் அமைத்து, அதன் முன்னே மனிதரை ஆடையின்றி நிறுத்திப் படமெடுத்தால் உடலின் அளவு தெரிந்துவிடும் என்பது அது. மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் அதிகாரி அந்தமான் மக்களை 1890களில் இப்படிக் கட்டமிட்ட பின்னணியின் முன்னே நிறுத்தி எடுத்தார். சென்னையில் 1885 முதல் 1908 வரை அரசு அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், அளவுகோல்களுடன் தென்னாடு முழுவதும் அலைந்து, ரங்காச்சாரியின் துணையுடன் 1909இல் ஏழு தொகுதிகளாகத் தம் நூலை வெளியிட்டார். வயநாட்டுப் பணியப் பெண்கள் தம்மைக் கண்டு ஓடினார்கள் என்று அவரே எழுதுகிறார். தங்களில் சிறந்தவர்களைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். தர்ஸ்டன் இதை நகைப்புக்காக எழுதினார். நமக்கு நகைப்பு வரவில்லை. அந்தப் பெண்கள் அவர் வேலையைச் சற்று மிகையாக, ஆனால் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது.

கட்டமிட்ட திரையும் ஓர் அரங்கம்தான். அதன் முன்னே நிற்கவைத்த மனிதருக்கும் ஒரு வேடம் கொடுத்துத்தான் இருக்கிறது. 'பழங்குடி' என்பது அந்த வேடத்தின் பெயர். தர்ஸ்டன் தொகுதிகளில் மலையாளிகளுக்கும் இடம் உண்டு. கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ள வேண்டா. சேர்வராயன், கொல்லி, பச்சைமலை ஆகியவற்றில் வாழும் தமிழ் பேசும் மலைமக்களுக்கு அதுவே பெயர். காஞ்சியிலிருந்து புறப்பட்ட சகோதரர் மூவர் மலைகளில் ஏறித் தங்கிய வழியில் வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்கள் தம்மைப் பற்றிக் கூறும் கதை. சாமையும் தினையும் கேழ்வரகும் விதைத்தவர்கள். பிறகு மிளகும் காப்பியும் பலாவும் மரவள்ளியும் வளர்த்தவர்கள். சோளக்காட்டுச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நின்றால் இறகு செருகிய தலை ஒன்றும் கண்ணில் படாது. அந்த இறகு எங்கிருந்து வந்தது? நம் திரைப்படங்களிலிருந்து வந்தது. மலை என்றால் தழையுடை, இறகு, தீப்பந்தம், பொருளற்ற கூச்சல் என்று பல்லாண்டுகளாக நம் கண்களுக்குப் பழக்கியிருக்கிறார்கள். மருமகன் அதைத் திரைப்படக் கடையிலிருந்தே வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். தான் கற்பனை செய்வதாக அவன் எண்ணியிருந்தான். பிறர் கற்பனையைச் சுமந்து வந்திருந்தான் என்பதே நம் கருத்து.

இத்துறையில் நம் தென்னாட்டிலேயே தோன்றிய ஒரு பெரும் முயற்சியை இங்கே விரிவாக ஆராய வேண்டும். பெங்களூரில் 1956இல் பிறந்து பரோடாவில் சிற்பம் பயின்ற புஷ்பமாலா, 1990களின் நடுவிலிருந்து தம்மையே பாத்திரமாக்கிப் புகைப்படக் கதைகள் அமைத்து வருபவர். பம்பாயில் எடுத்த மர்மப் பெண்ணின் கதை 1996 முதல் 1998 வரை உருவானது. பழைய சண்டைப் படங்களின் சாயலில் முகமூடியும் தொப்பியும் அணிந்து அவரே தோன்றினார். 2000 முதல் 2004 வரை, பெங்களூரில் வாழும் கிளேர் ஆர்னி என்னும் பிரித்தானியப் புகைப்படக்காரருடன் சேர்ந்து, தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள், அவர்தம் பழக்க வழக்கங்கள் என்னும் பொருள்பட்ட தலைப்பில் ஒரு பெருந்தொடரை உருவாக்கினார். தலைப்பே பழைய ஆங்கில நூல்களைப் பார்த்து அடித்த பகடி.

ரவிவர்மா வரைந்த நிலவொளிப் பெண், இலக்குமி, தக்காணத்து ஓவியத்தின் யோகினி, வேளாங்கண்ணி மாதா, தமிழ்த் திரைப்படத்தில் சவுக்கேந்திய நாயகி, செய்தித்தாளில் வந்த கைதான பெண்கள், கட்டத்திரையின் முன் நிற்கும் தோடப் பெண் எனப் பல உருவங்களை, பின்னணித் திரை முதல் வளையல் வரை மூலத்தைப் போலவே அமைத்து, ஒவ்வொன்றிலும் தம் முகத்தைப் பொருத்தியிருக்கிறார். மூலப் படங்கள் தனித்தனியே நமக்குப் பழகியவை. தேவியும் திருடியும் பழங்குடிப் பெண்ணும் ஒரே முகத்துடன் வரிசையாக நிற்கும்போதுதான், இவை யாவும் யாரோ ஒருவர் பெண்ணுக்கு அணிவித்த வேடங்கள் என்பது உறைக்கிறது. ரவிவர்மாவின் அச்சகம் 1894இல் தொடங்கியது. அதன்பின் அவருடைய தெய்வப் பெண்கள் நாட்காட்டிகளிலும் தீப்பெட்டிகளிலும் ஏறி நாடெங்கும் பரவி, பெண்ணழகு என்றால் இதுதான் என்று ஓர் அச்சை வார்த்துவிட்டார்கள். மதம் எதுவாயினும் மணப்பெண்ணை அந்த அச்சில் நிறுத்தியே படமெடுக்கிறோம்.

தோடப் பெண்ணின் படத்தில் புஷ்பமாலாவின் உடலை அளவுகோல் கொண்டு அளக்கிறார்கள். பழுப்பு வண்ணத்தில், பழைய ஆவணம் போன்றே அது இருக்கிறது. முதற் பார்வையில் நகைப்பும், இரண்டாம் பார்வையில் கூச்சமும் வருகின்றன. அளக்கும் கையின் பக்கம் நாமும் நிற்கிறோம் என்பதனால் வரும் கூச்சம் அது. அத்தொடரின் கடைசிப் பகுதியில், திரை தீட்டுவதையும் ஒப்பனை செய்வதையும் விளக்குகள் நிறுத்துவதையும் அவர் மறைக்காமல் காட்டுகிறார். பொம்மலாட்டக்காரன் கயிற்றைக் காட்டிவிடுவது போன்ற இச்செயலை நாம் மிகவும் மதிக்கிறோம். தர்ஸ்டனும் போர்ட்மனும் காட்டாமல் விட்டது அந்தக் கயிற்றைத்தான்.

இவ்வளவு சொல்லியும் நமக்கு ஒரு குறை உண்டு. பிறர் முகத்தை எடுக்காமல் தம் முகத்தையே கொடுத்ததால், மிளகு காயவைத்த அம்மாளின் வினாவுக்குப் புஷ்பமாலா நேர்மையான ஒரு விடை அளித்துவிட்டார். வெட்கமோ பகடியோ எதுவாயினும் அது அவர் முகத்தின்மேலேயே விழுகிறது. ஆனால் உண்மையான தோடப் பெண் இன்னும் பேசவில்லை. அவளை அளந்த படத்தை நையாண்டி செய்தாயிற்று; அவள் தன்னை எப்படிப் படமெடுத்துக்கொள்ள விரும்புவாள் என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. மேலும், இந்த நையாண்டி மூலங்களை அறிந்தவர்களுக்கே விளங்கும். போர்ட்மனை அறியாத ஒருவர் கண்காட்சிக் கூடத்தில் நுழைந்தால், இதுவும் ஒரு பழைய பழங்குடிப் படம் என்று எண்ணிக் கடந்துவிடக் கூடும். படித்தவர்களிடையே சுற்றும் நகைச்சுவைக்கு எப்போதும் உள்ள எல்லை இது.

அந்த எல்லையைக் கடக்க முயன்ற ஒருவரை மகாராஷ்டிரத்தின் ஜவ்ஹார் மலைப்பகுதியில் காண்கிறோம். கோக்ணா, வார்லி மக்கள் வாழும் அவ்விடத்தில் போஹாடா என்னும் விழாவுக்காகக் காகிதக் கூழில் தெய்வங்களின் முகமூடிகள் செய்வது மரபு. புகைப்படக்காரர் கௌரி கில், அங்குள்ள சுபாஷ் காடு, பகவான் காடு என்னும் கலைஞர் சகோதரரையும் அவர்களைச் சார்ந்தோரையும் அணுகி, தெய்வங்களுக்கு மாறாக அன்றாட வாழ்வின் முகங்களைச் செய்து தருமாறு கேட்டார். பறவையும் பாம்பும் முதியவரும் நோயாளியும் தொலைக்காட்சிப் பெட்டியும் முகமூடிகளாயின. அவற்றை அணிந்துகொண்டு அவ்வூர் மக்களே தங்கள் வீட்டிலும் கடையிலும் மருத்துவமனையிலும் காட்சிகளை அமைத்து நடித்தார்கள். 2015இல் தொடங்கிய அத்தொடர் 2017இல் டாகுமெண்டா கண்காட்சிக்கும் சென்றது. மூஞ்சி யாருடையது என்ற வினாவுக்கு அங்கே கிடைத்த விடை, மூஞ்சியை மூடிவிடுவது. மூடியதும் அவர்களுடைய கை, அவர்களுடைய கற்பனை. படக்கருவியைப் பிடித்தவர் மட்டும் வெளியூர். படத்தின் புகழும் விலையும் எப்படிப் பங்காகின்றன என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. ஆயினும் தர்ஸ்டனின் அளவுகோலிலிருந்து இவ்விடத்துக்கு வந்த தொலைவு சிறிதன்று.

நம் இல்லங்களுக்கு இது புதுமை அன்று என்று தொடக்கத்தில் சொன்னோம். நம் பாட்டனார் ஒரு சபராளி. பினாங்கிலிருந்து அவர் அனுப்பிய படம் ஒன்று நம் வீட்டுக் கூடத்தில் நெடுங்காலம் தொங்கியது. பின்னே மாளிகைப் படிக்கட்டு, பக்கத்தில் பூச்சாடி, உடம்பில் கோட்டு, கையில் கடிகாரம், மடியில் தடித்த புத்தகம். உம்மும்மா அந்தப் படத்தைத் துடைக்காத நாள் இல்லை. மாளிகை திரையில் தீட்டியது, கோட்டு படக்கடையின் உடைமை, பாட்டனாருக்கு ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியாது என்பனவெல்லாம் அவர் மவுத்தான பிறகே எங்களுக்குத் தெரியவந்தன. அந்த ஆண்டுகளில் அவர் ஒரு கடையின் பின்கட்டில் மூட்டைகளுக்கு நடுவே படுத்து எழுந்திருக்கிறார். நம் வாப்பா இதை அறிந்தபோது கோபப்பட்டார்: "பொய்ப் படத்தைப் பார்த்து உம்மா இருபது வருசம் காத்திருந்தார்களே!" உம்மும்மாவோ கோபப்படவில்லை. "கோட்டு அவரோடது இல்லேன்னு எனக்கு அப்பவே தெரியும். தோள்பட்டை தொங்குச்சு" என்றார்கள்.

தோள்பட்டை தொங்கியதைக் கண்ட அந்தக் கண்ணைவிடச் சிறந்த விமரிசகர் எவரையும் நாம் அறியோம். பாட்டனார் ஏமாற்றவும் இல்லை. உம்மும்மா ஏமாறவும் இல்லை. தாம் அடைய விரும்பிய வாழ்வை அவர் ஒரு நொடி நடித்து அனுப்பினார். அதை நடிப்பென்றே பார்த்து, அதற்குள் இருந்த விருப்பத்தை உம்மும்மா துடைத்துத் துடைத்துக் காத்தார்கள். அந்தப் படத்தில் கதையை எண்ணியவரும் நடித்தவரும் முகம் கொடுத்தவரும் ஒருவரே. மருமகனின் நோட்டில் எண்ணியவன் ஒருவன், முகம் கொடுக்க வேண்டியவள் வேறொருத்தி. இடைவெளி இருப்பதே குற்றம் என்று நாம் சொல்லவில்லை. நாடகமும் திரைப்படமும் அந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. ஆனால் நடிகைக்குத் தன் வேடத்தை மறுக்கத் தெரியும். அவ்வேடத்தைக் களைந்து வேறொன்றில் தோன்றவும் வாய்ப்பு உண்டு. மலையூர்ப் பெண்ணுக்கு உலகம் காணப்போகும் படம் அது ஒன்றே. அதில் அவள் ஆளைக் கொல்பவளாகவே நின்றுவிடுவாள்.

இவற்றை அன்றிரவு விடுதியில் மருமகனிடம் சொன்னோம். அவன் வாதாடினான். அப்படியானால் மலையைப் பற்றி மலையான் அன்றி வேறு எவனும் கதை சொல்லக் கூடாதா, பரணர் என்ன கொல்லியில் பிறந்தவரா என்று கேட்டான். நல்ல கேள்வி. பரணர் எவர் முகத்தையும் கேட்கவில்லை என்று மட்டும் சொன்னோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. விடியுமுன் எழுந்து தனியே சென்று, பனியில் வெற்றுப் பாறையை எடுத்து வந்தான். ஆள் இல்லை, உடை இல்லை; மரக்கிளை ஒன்று காற்றில் அசைந்து மங்கலாகி, எவரோ சற்று முன்வரை நின்றிருந்தது போன்ற ஒரு வெளி. பன்னிரண்டில் இந்த ஒன்றில்தான் பாவை இருந்தாள் என்பது நம் தீர்ப்பு. அவனுக்கு அதில் நிறைவில்லை. கதை எங்கே என்கிறான்.

இறங்கும் வழியில் அந்த வீட்டில் மீண்டும் நின்றோம், பேசாமல் போனது உறுத்தியதால். இம்முறை மருமகன் பையைத் திறக்கவில்லை. "நீங்களே சொல்லுங்கள் அம்மா, எப்படி எடுக்கட்டும்?" என்று கேட்டான். தாய் மகளைப் பார்த்தார். மகள் சிறிது நேரம் காலால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, தான் இந்த எழுபது வளைவிலும் பேருந்து ஓட்டப் போவதாகச் சொன்னாள். தாய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வீட்டெதிரே தாய்மாமனின் சரக்கு வண்டி நின்றிருந்தது. அவள் அதில் ஏறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தாள். மாமனின் காக்கிச் சட்டையைப் பள்ளிச் சீருடையின் மேலே மாட்டிக்கொண்டாள். பயணிகள் வேண்டும் என்று கட்டளையிட்டுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நால்வரைப் பின்னே ஏற்றினாள். நம்மையும் ஏறச் சொன்னாள். வளைவு வருகிறது, எல்லோரும் ஒரு பக்கம் சாயுங்கள் என்றாள். சாய்ந்தோம். நின்ற வண்டி திரும்பியது.

படமாகப் பார்த்தால் அதில் குற்றங்கள் உண்டு. கண்ணாடியில் வானம் பட்டு இடப்பக்கம் வெளுத்துவிட்டது. திசைமாற்றி அவள் முகவாயை மறைக்கிறது. பிள்ளைகளில் ஒருவன் சாய மறந்து நேரே உட்கார்ந்திருக்கிறான். நாம் சாய்ந்த விதம் நமக்கே நகைப்பாக இருக்கிறது. இருந்தும், வராத வளைவை அந்தப் பெண்ணின் இரு கைகளும் பிடித்திருக்கும் பிடியில் ஓர் உறுதி உண்டு. மருமகன் வரைந்த பன்னிரண்டு காட்சிகளில் எதிலும் அது இல்லை.

படத்தைப் பெரிதாக்கி அஞ்சலில் அனுப்பினான். பத்து நாள் கழித்து அந்த அம்மாள் தொலைபேசியில் அழைத்தார். படம் வந்து சேர்ந்தது, ஆனால் மகளின் வலக்கண் பாதி மூடியிருக்கிறது, வளைவில் கண்ணை மூடினால் வண்டி எங்கே போய் நிற்கும், வேறு ஒன்று எடுத்துத் தர வேண்டும் என்றார். அடுத்த மாதம் வருவதாக மருமகன் ஒப்புக்கொண்டிருக்கிறான். பயணியாக நாமும் வர வேண்டும் என்று உத்தரவு.